பாதி முகத்துக்கு மட்டும்

மார்ச் 3, 2025, திங்கள்

காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் பதினாலாம் நம்பர் தேயிலை மலைக்குப் போனேன். புது இலை உரச் சோதனைக்கு இன்று ஐந்தாம் வாரம். இருபது வரிசைக்கு உரம், இருபது வரிசைக்கு வெறும் தண்ணீர், நடுவில் இரண்டு வரிசை காவல். காவல் வரிசையில் கொழுந்து எண்ணக் கூடாது, அங்கே காற்றில் உரம் பறந்து விழுந்திருக்கும். இன்றுவரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. தோட்டத்துத் துரையிடம் அப்படியே சொன்னேன். "பொறு புனிதன். ஒப்பிட ஒண்ணு இல்லாட்டி நீ பாத்தது மழையா உரமான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

சாயங்காலம் கண்ணாடி பார்த்தேன். தாடையோரம் புதிதாக இரண்டு பரு. வயது இருபத்தெட்டு, முகத்துக்கு மட்டும் பதினாறு.

சனிக்கிழமை ஈப்போ போகிறேன். தோல் டாக்டர். இதுதான் கடைசி.

மார்ச் 8, சனி

கடைசி என்று நான்கு முறை சொல்லியாகிவிட்டது. தானா ராத்தா கிளினிக்கில் கொடுத்த களிம்பு என் தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது, பருவை மட்டும் விட்டுவிட்டது. அப்புறம் ஒரு மாத்திரை, வயிற்றைப் புரட்டி எடுத்தது. வேப்பிலை, மஞ்சள், பற்பசை... பற்பசை பூசச் சொன்னது மைக்கல். தொழிற்சாலை லாரி ஓட்டுகிறவனிடம் வைத்தியம் கேட்டது என் தப்பு.

இந்த டாக்டர் சீனப் பெண்மணி, வயது ஐம்பது இருக்கும். மலாயில் பேசினார். ஹார்மோன் பரு என்றார். தோலுக்குள் எண்ணெய் சுரக்கும் பை இருக்கிறதாம், அதில் நாற்காலி மாதிரி ஒன்று இருக்கிறதாம். ஆண் ஹார்மோன் வந்து அதில் உட்கார்ந்தால் எண்ணெய் ஊற்றெடுக்கும். இந்தக் களிம்பு முந்திக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ஹார்மோன் வந்து பார்த்துவிட்டு, இடமில்லாமல் போய்விடும்.

"உடம்பு முழுக்கவா?" என்று கேட்டேன்.

தோலில் மட்டும்தானாம். இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம், அதுவும் சீக்கிரம் உடைந்துவிடும் என்றார். பெயர் கிளாஸ்கோட்டெரோன். மூன்று முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். இங்கே சாதாரணக் கடையில் கிடைக்காது, அவரே வரவழைத்து வைத்திருந்தார். காலையும் இரவும் முகம் கழுவி, முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும், பருவின் மேல் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் ஆகாமல் பலிக்கவில்லை என்று புகார் சொல்லக் கூடாது.

தாடி? என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. சிரித்தார். தாடி எங்கேயும் போகாது, பயப்படாதே என்றார்.

இன்னொன்றும் சொன்னார், வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஆண் ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் இருக்கிறதாம். எல்லாருக்கும் கொஞ்சம், சிலருக்குக் கூடுதல். இருபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தும் இது எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

மே பதினெட்டில் நிச்சயம். எதற்காக இந்த வயதில் முகத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்று கேட்டால், உண்மையான பதில் அதுதான்.

பெண் பார்க்கப் போன அன்று சுபத்ரா ஒரே ஒரு தடவைதான் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அத்தனை நேரமும் தலையைக் குனிந்து தேநீர்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் "வெக்கம்" என்றார்கள். எனக்கு வெட்கமாகத் தெரியவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெற்றவர்கள் இல்லாமல் அத்தை மோகனா வளர்த்த பெண். அத்தை சொன்னதற்குத் தலையாட்டினாளா, தானாகச் சொன்னாளா?

ஃபோனில் நன்றாகத்தான் பேசுகிறாள். திரிங்காப்பில் பூத்தோட்டத்துப் பேக்கிங் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறாள். சாமந்தி எத்தனை கட்டு, எந்த லாரி, யார் வரவில்லை என்று ஒரே கதை. கேட்கப் பிடித்திருக்கிறது. வீடியோ கால் மட்டும் வேண்டாம் என்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மார்ச் 10, திங்கள்

இன்று ஆரம்பித்தேன். இடது பக்கம் மட்டும்.

டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார். ஆனால் பத்து வருஷமாக எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எனக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதானே? மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும், வெயிலில் கூடும், நான் களிம்பைப் புகழ்வேன் அல்லது திட்டுவேன். இந்த முறை அப்படி விடப்போவதில்லை. இடது கன்னத்துக்கு மருந்து. வலது கன்னத்துக்கு வெறும் தண்ணீர். மூக்கும் மூக்குக்கு நேரே நெற்றியும் காவல் வரிசை.

இடது 31, வலது 29. சிறிய கரும்புள்ளிகளைச் சேர்க்கவில்லை.

ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்துவிட்டால் வலது பக்கமும் பூசிவிடலாம். நிச்சயத்துக்கு நேரம் இருக்கிறது.

மார்ச் 12

மல்லாந்து படுக்க வேண்டும். புரண்டால் தலையணை வழியாக மருந்து வலது பக்கம் வந்துவிடும். இரண்டு தலையணை வைத்துப் பார்த்தேன். விடிந்து பார்த்தால் இரண்டும் தரையில் கிடக்கின்றன.

மார்ச் 19

சாயங்காலம் நாலு மணிக்கு டிஷ்யூவை இரண்டாக வெட்டி இரண்டு கன்னத்திலும் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் சமோசா சுற்றின காகிதம் போல எண்ணெய். வித்தியாசம் இல்லை. இடது பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, டாக்டர் சொன்னதுதான்.

மார்ச் 29, சனி

மருந்தை அம்மா கண்டுபிடித்துவிட்டார். குளியலறையில் வைத்தது என் முட்டாள்தனம். "இது எதுக்குய்யா?" என்றார். நான் நாற்காலிக் கதையை முழுசாகச் சொன்னேன். அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வரிதான்.

"ஆம்பள ஹார்மோன நிப்பாட்டுற மருந்தா? கல்யாணம் ஆவப்போற பையனா நீ? வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறியே!"

தோலில் மட்டும்தான் என்றேன். "தோலு ஒடம்புல இல்லாம வேற எங்க இருக்கு?" என்றார். உண்மையில் நல்ல கேள்வி.

சாயங்காலம் மைக்கலிடம் சொன்னேன், அதுவும் தப்பு. "மச்சான், கொரலு ஏற்கெனவே மெலிஞ்சிருக்குலா. கோயில்ல பொம்பளைங்க பக்கம் நின்னு பாடலாம்," என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான்.

நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 30

சரி, அதையும் சோதித்துவிடலாம்.

உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினாலாம் நம்பர் அடிவாரத்திலிருந்து மேல் பாதை வரை: ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. போன வருஷம் பந்தயம் வைத்து ஏறியபோது ஆறு ஐம்பது. பங்களாதேஷ் ஆட்கள் இரண்டு பேர் கொழுந்து வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். சூப்பர்வைசருக்குப் பைத்தியம் என்று அவர்கள் பாஷையில் சொல்லியிருப்பார்கள்.

தாடி: சவரம் செய்து மூன்றாம் நாள், இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

எழுதக் கூடாத விஷயத்தையும் கவனித்தேன். அதுவும் சௌக்கியம்.

ஏப்ரல் 7, திங்கள்

நாலு வாரம். இடது 30, வலது 30. என்னத்தைச் சொல்ல?

பதினாலாம் நம்பரில் உரம் போட்ட பக்கம் மட்டும் இன்று பளிச்சென்று தெரிந்தது. செடிக்குப் பலிக்கிறது, எனக்குப் பலிக்கவில்லை.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று

கோயிலில் சுபத்ராவைப் பார்த்தேன். மோகனா அத்தையும் கூட இருந்தார். கூட்டத்தில் நாலு வார்த்தை. முகக்கவசம் போட்டிருந்தாள். சளி பிடித்திருக்கிறது என்றாள். குரலில் சளி இல்லை. என் பக்கத்தில் நிற்கவே ஒரு திரை வேண்டியிருக்கிறது போல.

மே 5, திங்கள்

எட்டு வாரம். மூன்று முறை எண்ணினேன். இடது 17. வலது 28.

டிஷ்யூவில் இடது பக்கம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கிறது!

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "என்னய்யா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். எத்தனை வருஷம் கழித்து ஒரு களிம்பு நிஜமாக வேலை செய்கிறது, அதற்கு அத்தாட்சியும் என் முகத்திலேயே இருக்கிறது.

ஆனால் நிச்சயத்துக்குப் பதின்மூன்று நாள்தான். இப்போது வலது பக்கம் பூச ஆரம்பித்தாலும் அதற்குள் ஒன்றும் தெரியப்போவதில்லை. பாதியில் கலைப்பதை விட பன்னிரண்டு வாரத்தை முடித்துவிடலாம். எந்தச் சோதனையையும் நாங்கள் பாதியில் மூடுவதில்லை.

மே 18, ஞாயிறு

நிச்சயம் நடந்தது. எல்லாம் கெட்டது.

காலையில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. தட்டு மாற்றினார்கள். படம் எடுத்தவர் என்னை இடமாகத் திருப்பி, வலமாகத் திருப்பி, கடைசியில் "அண்ணே, இந்தப் பக்கமாவே இருங்க" என்று இடது கன்னத்தைக் கேமராவுக்குக் காட்டி உட்கார வைத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் கரடுமுரடு. தினமும் கண்ணாடியில் பார்க்கிற எனக்கு அது ஒரு வெற்றி. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு?

சாப்பாட்டு நேரத்தில் மோகனா அத்தை அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "மாப்பிள்ளைக்கு ஏன் மூஞ்சி ஒரு பக்கம் மட்டும் அப்படி இருக்கு? வாதம் கீதம் எதும் வந்துச்சா?"

அம்மாவுக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரம். "அதெல்லாம் இல்லீங்க. ஆம்பள ஹார்மோன நிப்பாட்டுற மருந்து போடுறான். இன்னும் அந்தப் பக்கம் ஏறல."

பந்தியில் எட்டுப் பேர் இருந்தார்கள். பாயசம் பரிமாறிய கை அப்படியே நின்றுவிட்டதாம். இதை என்னிடம் சொன்னது மைக்கல். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மே 20, செவ்வாய்

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்போங் ராஜா வரைக்கும் போய்விட்டது. கடைக்காரர் பாக்கிச் சில்லறையைக் கையில் வைக்கும்போது, "தம்பி, ஒடம்பு பரவால்லையா?" என்கிறார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சுபத்ராவுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மே 23, வெள்ளி

மோகனா அத்தை ஃபோன் செய்தார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். மரியாதையாகத்தான் பேசினாராம். "ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் காட்டிருங்க. எல்லாஞ் சரியா இருக்குன்னா ஆவணியிலயே வச்சுக்கலாம். எங்களுக்கும் பொண்ணு வாழ்க்க பாருங்க."

ரிப்போர்ட்! என்னமோ நான் சந்தையில் நிற்கிற காளை! ஏன்டா, ஒரு பருவுக்குக் களிம்பு போட்டது குத்தமாடா? ஒரு மனுசன் மூஞ்சிய மூஞ்சி மாதிரி வச்சுக்க ஆசப்படக் கூடாதா? அம்மா மேல கத்திட்டேன். "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா..." ன்னு. அம்மா போயி தண்ணித் தொட்டியைக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. நேத்துதான் கழுவின தொட்டி.

கத்தியிருக்கக் கூடாது.

மே 24

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாப்புடு" என்றார்.

இன்று யோசித்துப் பார்த்தால், யார் தப்பு? டாக்டர் முகம் முழுக்கப் பூசு என்றார். முழுக்கப் பூசியிருந்தால் நிச்சயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, ஒரு கேள்வியும் வந்திருக்காது. எனக்கு மட்டும் அத்தாட்சி வேண்டியிருந்தது. தேயிலைச் செடிக்கு நிச்சயதார்த்தம் கிடையாது, பாதி உரம் போட்டாலும் அதன் மானம் போவதில்லை. என் மூளைக்கு இது எட்டவில்லையே.

ஆனாலும் இன்று இரண்டு வேளையும் இடது பக்கம் மட்டும்தான் பூசினேன். பிடிவாதமா, பைத்தியமா?

மே 27

இன்னும் ஃபோன் இல்லை. அவளுக்கும் அந்த ரிப்போர்ட் வேண்டும் போல. அவளாகக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். அப்படித்தான் இப்போது தோன்றுகிறது.

ஜூன் 1, ஞாயிறு

சுபத்ராவிடமிருந்து ஒரே வரி. "நாளைக்கி மத்தியானம் கொட்டகைக்கு வர முடியுமா? அத்தைக்குத் தெரிய வேணாம்."

முடிந்தது. நேரில் சொல்லத்தான் கூப்பிடுகிறாள்.

ஜூன் 2, திங்கள்

காலையில் பன்னிரண்டாம் வாரக் கணக்கு. இடது 9. வலது 24. வலது பக்கம் ஐந்து ஏன் குறைந்தது? மழையா? தெரியாது. தெரியாது என்று தெரிவதற்குத்தான் அந்தப் பக்கத்தை விட்டுவைத்தேன்.

மீதியை நிதானமாக எழுத வேண்டும்.

திரிங்காப்புக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். சாப்பாட்டு நேரம், கொட்டகையில் யாரும் இல்லை. லாரி ஏற்றும் மேடையில் சாமந்திப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் போட்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ரிப்போர்ட்தான் வேணும்னா எடுத்துத் தரேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க, மொத நாளே என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலதானே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஒங்க மூஞ்சியா? நான் ஒங்க மூஞ்சிய எங்க பாத்தேன்? என் மூஞ்சிய நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்."

முகக்கவசத்தைக் கழற்றினாள். தாடைக்குக் கீழே, உதட்டோரத்தில், கரும்பச்சையாகத் தெரிந்தது. நாலைந்து நாளாக எடுக்காத முடி.

"எனக்குத் தாடி வருங்க," என்றாள். "பதினேழு வயசுலேருந்து. தெனமும் காலையில கதவப் பூட்டிக்கிட்டு ஒண்ணொண்ணாப் புடுங்குவேன். நீங்க ஒரு தடவ பாக்கணும்னுதான் நாலு நாளா எடுக்கல. சினைப்பையில நீர்க்கட்டி. டாக்டரு ஆம்பள ஹார்மோன் கூடுதலா இருக்குன்னாங்க. புள்ள பொறக்க நாளாவலாம், ஆவாமலும் போவலாம்னாங்க. அத்தைக்கும் தெரியும்."

முகக்கவசத்தை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அத்த ஒங்ககிட்ட ரிப்போர்ட் கேட்டாங்கன்னு நேத்துதான் எனக்குத் தெரியும். ஃபோன அவங்கதான் எடுத்து வச்சிருந்தாங்க, நேத்துதான் கைக்கு வந்துச்சு. அந்த ஹார்மோன் ஒங்களுக்குக் கொறைஞ்சிடுமோன்னு பயப்படுறாங்க. எனக்கு அதுவே கூடுதலா இருக்கு. சிரிப்பா இல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது. மூன்று மாதமாக என் முகத்தைத் தவிர வேறு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. வீடியோ வேண்டாம் என்றது, சளி என்றது, தட்டைப் பார்த்தது, எல்லாவற்றையும் என் பரு என்ற ஒரே கணக்கில் போட்டுவைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு நான் கேட்டதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் என் வாயில் வந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருதா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வலது பக்கம் கொஞ்சம் கூட," என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். நான் இடது கன்னத்தையும் வலது கன்னத்தையும் காட்டி, காவல் வரிசை முதல் உர மூட்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன். எழுதக் கூடாத விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். "நெசமாவே நிச்சயத்தன்னிக்குக் கூட பாதிதான் பூசுனீங்களா? ஒங்களுக்குக் கிறுக்குதான்," என்றாள்.

கிளம்பும்போது கேட்டாள்: "ஒங்கம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

சொல்லாமல் இருக்கலாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். இவள் ஒரே ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

மோகனா அத்தையிடம் சுபத்ராவே சொல்லிவிட்டாளாம். "அவரு ரிப்போர்ட் குடுக்கட்டும். என்னோடதையும் நான் அவங்க வீட்டுல குடுக்குறேன். ரெண்டும் ஒரே நாள்ல." அத்தை நேற்று ராத்திரி முழுக்கப் பேசவில்லையாம். காலையில் ரிப்போர்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லையாம்.

அத்தை மேல் கோபமாக இருந்தேன். இப்போது அவ்வளவு இல்லை. வளர்த்த பெண்ணை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்ற பயம் அவருக்கு. இருந்தாலும், தன் மடியில் கனத்தை வைத்துக்கொண்டு என் மடியைத் தடவிப் பார்த்தாரே.

இன்று இரவிலிருந்து வலது பக்கமும்.

ஜூன் 7, சனி

அம்மாவிடம் சொன்னேன். சுபத்ரா சொல்லச் சொன்னாள், நானும் சொல்லத்தான் வேண்டும். அம்மா கேட்டுக்கொண்டே பயறு பொறுக்கினார். முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

ஜூன் 8

பேச்சு இல்லை. சோறு மட்டும் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பெரட்டுக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று சொன்னார், என்னைப் பார்க்காமல். "எனக்கும் ஒங்கப்பாவுக்கும் கல்யாணம் ஆயி அஞ்சாம் வருசந்தான் நீ பொறந்த. எனக்கு உள்ள என்ன கட்டி இருந்துச்சோ, யாரு பாத்தா? மலைக்கிப் போனேன், கொழுந்து எடுத்தேன், வந்தேன். ஊருல பேசாத பேச்சு இல்ல." என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "அந்தப் பொண்ணு தைரியசாலிதான்," என்றார்.

இது எனக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியாத இன்னொன்று.

ஜூன் 14, சனி

ஈப்போ. சுபத்ராவும் வந்தாள், என் அம்மாவின் அனுமதியோடு. சிம்பாங் பூலாய் பாதை முழுக்கக் கேள்விகளாக எழுதிக்கொண்டே வந்தாள். பதினொன்று. எனக்கே இரண்டுதான் இருந்தன.

பாதி முகக் கதையைக் கேட்டு டாக்டர் திட்டினார். பிறகு இரண்டு கன்னத்தையும் படம் எடுக்கலாமா என்று அனுமதி கேட்டார்! எனக்குப் பெருமை.

சுபத்ரா கேட்ட முதல் கேள்வி, இந்தக் களிம்பைத் தன் தாடையில் பூசினால் முடி நிற்குமா என்பது. இல்லையாம். இது எண்ணெய்ப் பைக்கான மருந்து, தாடை முடிக்கு என்று சோதித்துப் பார்த்ததில்லை. அவள் பிரச்சினைக்கு வேறு மாத்திரை இருக்கிறது, ஆனால் அது உடம்பு முழுக்கப் போகும், பிள்ளை வேண்டும் என்கிறபோது அதைச் சாப்பிடக் கூடாது. அதற்கு முதலில் பெண்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும், நீர்க்கட்டி உள்ள எத்தனையோ பேருக்குப் பிள்ளை பிறக்கிறது என்றார். சுபத்ரா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. என் மருந்து அவளுக்கும் சேர்த்துப் பலிக்கும் என்று நானும்தான் ஆசைப்பட்டிருந்தேன்.

திரும்பும் வழியில், "அப்ப நான் புடுங்கிக்கிட்டேதான் இருக்கணும்," என்றாள்.

ஜூலை 5

வலது 22. ஒரு மாதம்தான் ஆகிறது. அவசரப்படவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இடது 6, வலது 8. டாக்டர் சொன்ன பன்னிரண்டு வாரம் வலது பக்கத்துக்கும் முடிந்தது. மொத்தமாகப் போய்விடவில்லை. தழும்புகள் அப்படியே இருக்கின்றன, அதற்கு இந்த மருந்து பொறுப்பில்லை.

வியாழக்கிழமை என் கல்யாணத்துக்கு மைக்கல்தான் மாப்பிள்ளைத் தோழன். "மச்சான், இப்ப ரெண்டு பக்கமும் போட்டோ எடுக்கலாம்லா," என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கல்யாணம் முடிந்து பதினைந்து நாள். முதல் வாரம் முழுக்க சுபத்ரா எனக்கு முன்பே எழுந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அவளுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள்.

இன்று காலை எழுந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் சின்ன இடுக்கி. வெளியே மூடுபனி, வெளிச்சம் போதவில்லை. நான் எழுந்தது தெரிந்தும் அவள் திரும்பிக்கொள்ளவில்லை. மறுபடியும் படுத்துவிடலாமா என்று யோசித்தேன்.

"இங்க வாங்க," என்றாள். "வலது பக்கம் ஒண்ணு விட்டுப்போச்சு. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். இடுக்கியை என் கையில் கொடுத்தாள். தாடையைத் தூக்கிக் காட்டினாள். அவள் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன்.

"வலிக்குமா?"

"வலிக்கும். எடுங்க."

எடுத்தேன்.